பழைய வடிவில் மோட்டார் சைக்கிள் கட்டுதல்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைத் தமக்கேற்ற வடிவத்தில் மீளக் கட்ட விரும்புவோர் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. உப்புக்காற்றும் கடல்மணலும், மாரி வெள்ளமும், பின்சீற்றில் அமரும் குடும்பமும் அவற்றில் இடம்பெறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன் இக்கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன.

கஃபே ரேசர், பொபர், ஸ்க்ராம்ப்ளர், டிராக்கர் என்பவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு என்ன?

இவை ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்த வடிவம். அந்தத் தேவையை விளங்கிக்கொண்டால் வடிவம் தானாக விளங்கும்.

கஃபே ரேசர் 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் உருவானது. லண்டனின் வடக்குச் சுற்றுவீதியில் 1938இல் தொடங்கப்பட்ட ஏஸ் கஃபே போன்ற தேநீர்க் கடைகளில் கூடிய இளைஞர்கள், மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதையே இலக்காக வைத்திருந்தார்கள். அதற்காக ஹாண்டிலைத் தாழ்த்தினார்கள், கால்மிதியைப் பின்னே நகர்த்தினார்கள், ஒருவர் மட்டும் அமரும் சீற்றைப் பொருத்தினார்கள், பாரம் தரும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். நோர்ட்டன் வண்டியின் உறுதியான சட்டத்துக்குள் ட்ரையம்ஃப் எஞ்சினை இருத்தி அவர்கள் கட்டிய ட்ரைட்டன் இன்றும் அந்தக் காலத்தின் அடையாளமாகப் பேசப்படுகிறது.

பொபர் அமெரிக்காவுக்குரியது. 1930களிலும் 40களிலும் அங்கிருந்தவர்கள் பாரமான வண்டிகளின் முன் மட்காட்டைக் கழற்றி, பின் மட்காட்டைக் குறுக்கி, தனிச் சீற்றைப் பொருத்தி ஓட்டினார்கள். முன் ஃபோர்க்கை நீட்டிய சொப்பர் அதன் பின்னர் வந்தது. ஸ்க்ராம்ப்ளர் மேடு பள்ளங்களையும் வயல்வெளிகளையும் கடக்கும் போட்டிகளுக்கானது. ஆகவேதான் அதன் சைலன்சர் மேலே உயர்ந்திருக்கும், ஹாண்டில் அகன்றிருக்கும். அமெரிக்காவின் வட்டமான மண் ஓடுபாதைப் போட்டிகளிலிருந்து டிராக்கர் வந்தது. நீண்ட தட்டையான சீற்றும் தாழ்ந்த உடலும் கொண்ட இன்னொரு பாணியை 1990களில் டோக்கியோவின் கராஜ்கள் வளர்த்தெடுத்தன.

எங்கள் வீதிகளுக்கு ஸ்க்ராம்ப்ளரும் டிராக்கரும் இயல்பாகப் பொருந்துகின்றன என்பது என் உறுதியான கருத்து. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கிரவல் பாதையில் நிமிர்ந்து அமர்ந்து அகன்ற ஹாண்டிலைப் பிடிப்பவருக்கு வண்டி கட்டுப்படும். தாழ்ந்த ஹாண்டிலைப் பிடித்து, மணிக்கட்டில் உடற்பாரத்தைத் தாங்கியபடி காத்தான்குடிச் சன நெரிசலில் முதல் கியரில் ஊர்வது எவருக்கும் சுகமானதல்ல.

பழைய வடிவத்தின் மீது இவ்வளவு விருப்பம் ஏற்படக் காரணம் என்ன?

உலகளவில் பார்த்தால், பெரிய கம்பனிகளே இந்த விருப்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. கவாசாகி 1999இல் டபிள்யூ650 வண்டியை வெளியிட்டது. சில வருடங்களுக்குள் ட்ரையம்ஃப், 1959இல் பிறந்த பொன்வில் என்ற பெயருக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. பிஎம்டபிள்யூ 2013இல் ஆர் நைன்டி வண்டியை, வாங்குபவர் தாமே பாகங்களைக் கழற்றி மாற்றுவதற்கு வசதியாக வடிவமைத்து அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ரோயல் என்ஃபீல்ட், 1955 முதல் சென்னையில் புல்லட்டைப் பொருத்தத் தொடங்கி, இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்பும் சென்னையில் நிலைத்தது. 2018இல் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளைக் கொண்டுவந்தது. யமஹாவின் எஸ்ஆர்400, 1978 முதல் 2021 வரை தன் அடிப்படைத் தோற்றம் மாறாமலே விற்பனையானது.

விருப்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் பார்த்தவுடனேயே அது எப்படி இயங்குகிறது என்று புரிகிறது. செதில்கள் வெப்பத்தை வெளியேற்றுகின்றன, காபரேட்டர் பெற்றோலைக் காற்றோடு கலக்கிறது, செயின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கணினியும் பிளாஸ்டிக் உறைகளும் மூடிய வண்டியில் அந்த உறவு கிடைப்பதில்லை. கையால் தொட்டுத் திருத்தக்கூடிய பொருள் ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை மிகவும் நியாயமான ஆசை.

இலங்கைக்கெனத் தனியான காரணமும் உண்டு. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் கழிந்த ஏறத்தாழ ஐந்து வருடங்களில் பழைய வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. வீட்டின் பின்புறத்தில் சாக்கால் மூடிக் கிடந்த வண்டிகள் வெளியே வந்தன. 2022இல் பெற்றோல் பங்கீட்டு முறைக்கு வந்தபோது, குறைந்த பெற்றோலில் அதிக தூரம் ஓடும் சிறிய ஹோண்டாக்களின் மதிப்பை எல்லோரும் உணர்ந்தார்கள்.

எந்த வண்டியைக் கொண்டு தொடங்குவது நல்லது?

எளிய எஞ்சின், உருளைக் குழாயாலான சட்டம், எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம் ஆகிய மூன்றும் பொருந்திய வண்டியே தொடக்கத்துக்கு ஏற்றது. ஹோண்டா சிஜி125 இதற்கு நல்ல உதாரணம். பராமரிப்புக் குறைந்த நாடுகளை நினைத்தே 1970களில் வடிவமைக்கப்பட்ட அதன் எஞ்சின், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சிடி125, சிடி200 ரோட்மாஸ்டர் போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகளின் ஒலியும் ஓட்டமும் அருமையானவை. எனினும் அவற்றின் சட்டத்தின் ஒரு பகுதி அழுத்தித் தட்டிய தகட்டாலானது என்பதால் குழாய்ச் சட்டத்தைப் போல வெட்டி ஒட்ட முடியாது.

ஜப்பானிலிருந்து மீள்புதுப்பிக்கப்பட்டு வந்த ஹோண்டா எஃப்டிஆர் 223 பிறப்பிலேயே டிராக்கர் வடிவம் கொண்டது. அதற்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. யமஹா டிடபிள்யூ200 வண்டியின் அகன்ற டயர்கள் கடற்கரை மணலுக்குப் பொருத்தமானவை. பஜாஜ், ஹீரோ ஹோண்டா ஆகியவற்றின் 100, 125 சிசி வண்டிகளையும் குறைவாக நினைக்க வேண்டாம். மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பவை என்பதால் கற்றுக்கொள்வதற்கு அவையே பாதுகாப்பானவை.

கப் வகை வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோண்டா சுப்பர் கப் 1958இல் வெளிவந்தது. 2017இல் அதன் உலகளாவிய உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. ஜப்பானியத் தபாற்காரர்களுக்காகச் செய்யப்பட்ட எம்டி90 எங்கள் பக்கத்தில் மீன்பெட்டியையும் உரமூட்டையையும் சுமந்து ஓடுகிறது. அதைக் கஃபே ரேசராக மாற்ற முயல்வதை விட, அதன் சுமைதாங்கும் இயல்பையே அழகாக்கி, முன் கரியரையும் வட்ட விளக்கையும் ஒழுங்குபடுத்தி, நல்ல நிறம் பூசுவது அறிவுடைமை.

முழுமையாக உள்ள பழைய வண்டியை வெட்டி மாற்றலாமா?

வேண்டாம். மூல மட்காட், மூலச் சீற், மூல மீற்றர், எண் பொருந்திய எஞ்சின் ஆகியவற்றுடன் முழுமையாக இருக்கும் பழைய பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப், நோர்ட்டன் அல்லது முதற்கால ஹோண்டா கிடைத்தால், அதை அதன் பிறந்த தோற்றத்துக்கே மீட்டெடுங்கள். வெட்டிய சட்டத்தை மறுபடி முழுமையாக்க முடியாது. அப்படிப்பட்ட வண்டிகள் இந்த மாவட்டங்களில் இனிக் கூடப்போவதுமில்லை. பாகங்கள் குறைந்த, யாரும் கவலைப்படாத, ஆயிரக்கணக்கில் ஓடும் வண்டிகளையே வெட்டுவதற்குத் தெரிவு செய்யுங்கள். கழற்றிய மூலப் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்திலிருந்து தொடங்க வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, கமராவைச் சக்கர அச்சின் உயரத்தில் வைத்து, சற்றுத் தூரத்தில் நின்று படம் எடுங்கள். அதைப் பெரிதாக அச்சிட்டு, மேலே எண்ணெய்த்தாளை விரித்து வரையுங்கள். பணம் எதுவும் செலவாகாத இந்த வேலையை எவ்வளவு நேரம் செய்கிறீர்களோ, பின்னர் கராஜில் அவ்வளவு பணம் மிச்சமாகும்.

முதலில் பார்க்க வேண்டியது பெற்றோல் தாங்கியின் அடிவிளிம்பும் சீற்றின் அடிவிளிம்பும் சேர்ந்து உண்டாக்கும் கோடு. பெரும்பாலான தொழிற்சாலை வண்டிகளில் இந்தக் கோடு சீற்றின் கீழே உடைந்து மேலேறும். கண்ணை உறுத்தாத கஃபே ரேசரிலும் டிராக்கரிலும் அது முன் ஹெட்லைட்டின் நடுவிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கிடைக்கோடாக ஓடும். இந்தக் கோடு சரியாக அமையாத வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த பாகம் பொருத்தினாலும் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

இரண்டாவது, சட்டத்தின் நடுவிலுள்ள முக்கோண வெற்றிடம். சீற்றுக்குக் கீழே ஒளி ஊடுருவும்படி பற்றரியையும் எயார் ஃபில்டர் பெட்டியையும் அகற்றிய வண்டிகளையே படங்களில் காண்கிறோம். அந்த வெற்றிடம் அழகானதுதான். ஆனால் அங்கிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் வேறு இடம் தேட வேண்டும், பின் சக்கரம் வாரியிறைக்கும் சேறும் அங்கேதான் வந்து விழும். மார்கழி மழையில் செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் இடையே ஓடப்போகும் வண்டிக்கு நான் அந்த வெற்றிடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய அலுமினியத் தகட்டால் ஒரு தட்டும், சக்கரத்துக்கு நெருக்கமான ஒரு குறுகிய மட்காட்டும் வைத்தால் தோற்றமும் கெடாது, எஞ்சினும் காப்பாற்றப்படும்.

மூன்றாவது, அளவுப் பொருத்தம். மெலிந்த 125 சிசி எஞ்சினுக்கு மேல் பெரிய வண்டியின் தாங்கியை ஏற்றினால், குழந்தைக்குத் தகப்பனின் தலைக்கவசத்தை மாட்டியது போலாகும். தாங்கியை மாற்றுவதானால் எஞ்சினின் அகலத்தைப் பார்த்து மாற்றுங்கள். ஹெட்லைட்டின் விட்டம், மீற்றரின் விட்டம், தாங்கியின் வளைவு ஆகியன ஒன்றோடொன்று பேச வேண்டும்.

பின்சட்டத்தை வெட்டி, அதன் இரு முனைகளையும் இணைக்கும் வளைந்த குழாயை, அதாவது வளையத்தை, ஒட்டுவது ஆபத்தானதா?

அறிந்தவர் செய்தால் ஆபத்தில்லை. அறியாதவர் செய்தால் உயிராபத்து. பின் சொக் இரண்டும் சட்டத்தோடு இணையும் மேற்புள்ளியை எல்லையாகக் கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் குழாயைக் குறுக்கலாம். அதற்கு முன்னால் எதையும் வெட்டக்கூடாது. அந்தப் புள்ளியில்தான் பின்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் சட்டத்துக்கு ஏறுகிறது.

வளையத்துக்கான குழாய் மூலக் குழாயின் வெளிவிட்டத்தையும் தகட்டுத் தடிப்பையும் ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் முட்டவைத்து மேலாக ஒட்டுவது போதாது. உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் குறுகிய குழாய்த் துண்டொன்றை லேத்தில் கடைந்து நுழைத்து, இரு பக்கமும் சிறு துளையிட்டு அங்கும் ஒட்டி, அதன் பின் சுற்றிவர ஒட்ட வேண்டும். வாயுக்காப்புள்ள மிக் அல்லது டிக் வெல்டிங் தெரிந்தவரிடமே இதைக் கொடுங்கள். படலையும் யன்னற் கம்பியும் செய்யும் கடையில் குச்சி வெல்டிங்கில் ஒட்டி, மேலே அரைத்து, நிறம் பூசி மறைத்த இணைப்பு பார்வைக்கு அழகாக இருக்கலாம்; நிறை ஏறும்போதுதான் அதன் தரம் தெரியும். வெல்டிங் செய்வதற்கு முன்னர் பற்றரியையும், மின்னழுத்தச் சீராக்கியையும், மின் இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள்.

பெற்றோல் தாங்கியை ஒட்டுவது தனிக் கலை. வெறுமையாகத் தெரியும் தாங்கிக்குள் தங்கியிருக்கும் பெற்றோல் ஆவி வெடிக்கக்கூடியது. முழுதாகக் கழுவி, தண்ணீரால் நிரப்பி, ஒட்டுமிடத்தில் மாத்திரம் வெற்றிடம் விட்டு வேலை செய்யத் தெரியாத எவரிடமும் தாங்கியைக் கொடுக்க வேண்டாம்.

வண்டியின் உயரத்தை மாற்ற நீளமான அல்லது குட்டையான சொக் போடலாமா?

சிறிதளவு மாற்றலாம். பின்புறத்தை உயர்த்தினால் முன் ஃபோர்க் செங்குத்தாகி, ஹாண்டில் விரைவாகத் திரும்பும். அளவு மீறினால் வேகத்தில் வண்டி நடுங்கும். பின்புறத்தைத் தாழ்த்தினால் திருப்பம் மந்தமாகி, வேகத்தடைகளில் அடிப்பாகம் உராயும். செயினின் இறுக்கமும் மாறும் என்பதால், ஆள் அமர்ந்த நிலையில் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மனைவி, பிள்ளையை ஏற்றிச் செல்ல வேண்டும். ஒற்றைச் சீற் சரிவருமா?

சரிவராது. ஒரே வண்டியுள்ள வீட்டில் ஒற்றைச் சீற் என்பது மற்றவர்களைத் தெருவில் நிறுத்துவதாகும். நீண்ட தட்டையான சீற்றைத் தெரிவு செய்யுங்கள். இருவருக்கு இடமிருக்கும், பழைய வடிவமும் கெடாது. பின்னால் இருப்பவருக்கான கால்மிதியையும், சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் கம்பித் தடுப்பையும் ஒருபோதும் கழற்ற வேண்டாம். அந்தத் தடுப்பைத் தாங்கியின் நிறத்திலேயே பூசினால் அது வடிவத்தோடு இசைந்து நிற்கும்.

சைலன்சரையும் எயார் ஃபில்டரையும் மாற்றினால் வேகம் கூடுமா?

பெரும்பாலும் சத்தம் மட்டுமே கூடும். எயார் ஃபில்டர் பெட்டியை எறிந்துவிட்டு, காபரேட்டரின் வாயில் நேரடியாகக் கூம்பு ஃபில்டரை மாட்டினால் காற்று அதிகமாகிப் பெற்றோல் விகிதம் குறையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், திறந்துவிடும்போது திணறும். அதைச் சரிசெய்யக் காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வெற்றிட அழுத்தத்தால் இயங்கும் காபரேட்டர் உள்ள வண்டிகளில் இது மிகவும் கடினம். எங்கள் கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பறக்கும் நுண்மணலைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் ஃபில்டர் மறிக்கும். தரமற்ற கூம்பு ஃபில்டர் உள்ளே விடும். பிஸ்டனும் சிலிண்டரும் தேய்வதற்கு வேறெதுவும் தேவையில்லை.

சைலன்சரின் உள்தடுப்புகளை வெட்டியெடுத்தால் நகரத்தில் ஓடும் நடுத்தர வேகத்தில் இழுவை குறைவதே வழமை. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், ஆஸ்பத்திரி ஆகியன அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் அந்த ஒலி மற்றவர்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்பதையும் நினைக்க வேண்டும். ஆழ்ந்த இனிய ஒலி வேண்டுமானால், உள்தடுப்புகளுடன் கூடிய நல்ல சைலன்சரையே தேடுங்கள்.

சைலன்சர் குழாயைச் சுற்றிக் கட்டும் வெப்பத்துணியைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும்; கடலோரத்தில் அது உப்பு கலந்த ஈரம். இரும்புக் குழாய் துணியின் அடியில் துருப்பிடித்து, துணியை அவிழ்க்கும் நாளில் ஓட்டையாக இருக்கும். கல்லடியிலோ சாய்ந்தமருதிலோ வசிப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

உப்புக்காற்றிலிருந்து வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?

இந்த மாவட்டங்களில் வண்டி கட்டுபவர் எல்லாவற்றுக்கும் முன்னர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்ற ஒடுங்கிய நிலத்தில்தான் எழுவான்கரையின் பெரும்பகுதி வாழ்கிறது. மூலத் தொழிற்சாலை தந்த நிறப்பூச்சையும் முலாமையும் சுரண்டியெடுத்து, வெறும் இரும்பை மினுக்கி, மேலே தெளிந்த வார்னிஷை மட்டும் அடிக்கும் பாணி படங்களில் கவர்ச்சியாகத் தெரிகிறது. இங்கே அது ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. வார்னிஷின் கீழே துரு வேர்விட்டுப் பரவும்.

சட்டத்தை மணல்வீச்சால் சுத்தம் செய்தால் அதே நாளில் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள். ஓர் இரவு திறந்து கிடந்தாலே ஈரக்காற்று அதன்மேல் துருவைப் படியவைத்துவிடும். குழாயின் உட்புறத்தை மறந்துவிடுவார்கள். திறந்திருக்கும் முனைகளை ஒட்டி மூடுங்கள், இயலாத இடங்களில் மெழுகு கலந்த எண்ணெயை உள்ளே பீய்ச்சுங்கள். நட்டுகளையும் ஸ்போக் கம்பிகளையும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குவது செலவுக்குத் தகுந்த பயன் தரும். அத்தகைய நட்டை அலுமினிய எஞ்சின் உறைக்குள் முறுக்கும்போது, இரு உலோகங்களும் உப்பில் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடாதபடி இறுக்கத் தடுப்புப் பசையைக் கட்டாயம் பூசுங்கள்.

கழுவும் தண்ணீரிலும் கவனம் தேவை. வாவியோரக் கிணறுகள் சிலவற்றில் நீர் உவராக இருக்கும். அந்த நீரால் தினமும் கழுவுவது வண்டிக்கு உப்பைப் பூசுவதற்குச் சமம். நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு நிறுத்துங்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகையைப் பக்கத்தாங்கியில் மாட்டிக் கடற்கரைக்கே கொண்டுபோகும் வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அலைச்சறுக்கையும் பழைய வடிவ வண்டிகளையும் ஒன்றாக இணைத்த பாணியை, சிட்னியில் 2006இல் தொடங்கிய டியூஸ் எக்ஸ் மகினா என்ற நிறுவனம் உலகறியச் செய்தது. அந்த அழகை இங்கே கொண்டுவருவோர் உப்பைக் கழுவும் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.

பின் கூம்பு, பக்கத்தட்டு போன்றவற்றை இங்கேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், வெளியிலிருந்து வரவழைப்பதை விடச் சிறப்பாகவே முடியும். வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை கண்ணாடியிழைப் படகுகளைத் திருத்தும் கைகள் இருக்கின்றன. அலையின் அடியைத் தாங்கும் படகின் அணியத்தை வார்க்கத் தெரிந்தவருக்குச் சீற்றின் பின்கூம்பு ஒரு சிறிய வேலை. களிமண்ணிலோ ரெஜிபோமிலோ வடிவத்தைச் செதுக்கி அவரிடம் கொண்டுபோங்கள். ரெஜிபோமை ரெசின் கரைத்துவிடும் என்பதால் அதன் மேல் முதலில் ஒட்டுநாடாவைச் சுற்றிவிட வேண்டும். சீற் உறை தைப்பதற்கு முச்சக்கர வண்டி, பஸ் ஆசனங்கள் தைக்கும் கடைகளை நாடலாம்.

பெற்றோல் தாங்கியை மட்டும் கண்ணாடியிழையில் செய்ய வேண்டாம்.

எந்த டயரைத் தெரிவு செய்வது?

பழைய பாணிப் பல்வரிசை கொண்ட தடித்த டயர்களை மெல்லிய றிம்மில் ஏற்றுவது பரவலான தவறு. ஒடுங்கிய றிம் டயரின் ஓரங்களை உள்ளே இழுத்து, நடுப்பகுதியைக் கூர்மையாக்கிவிடும். வளைவில் தரையைப் பிடிக்கும் பரப்புக் குறையும். டயரின் அகலத்துக்கு ஏற்ற றிம்மைப் போடுங்கள், அல்லது றிம்முக்கு ஏற்ற டயருடன் திருப்தியடையுங்கள். கட்டைப் பற்கள் கொண்ட டயர் மணலிலும் சேற்றிலும் உதவும். ஆனால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் செல்லும் ஏ4 வீதி நல்ல கார்ப்பெற் வீதி. மழையில் நனைந்த அந்த வீதியில் கட்டைப்பல் டயரின் பிரேக் தூரம் நீளும். தினமும் தார்வீதியில் ஓடி, எப்போதாவது கிரவலில் இறங்குபவருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட பல்லமைப்பே போதும்.

பிரேக்கை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலான சிறிய வண்டிகளின் ட்ரம் பிரேக் ஒழுங்காகப் பராமரித்தால் போதுமானது. ட்ரம்மின் உள்ளே உராயும் பிரேக் சூவை மாற்றி, ட்ரம்மின் உட்பரப்பு வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் கடைந்து, பிரேக் பிடிக்கும்போது நெம்புகோலும் கம்பியும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். பழைய சூவின் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அதில் கல்நார் இருக்கக்கூடும். எஞ்சினின் சக்தியைக் கூட்ட நினைப்பவர் பிரேக்கை முதலில் கூட்ட வேண்டும்.

வயரிங் வேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

முதலிலேயே திட்டமிடுங்கள். பழைய சிறிய ஹோண்டாக்கள் சில 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. கடையில் விற்கும் பெரும்பாலான விளக்குகளும் மின்கருவிகளும் 12 வோல்ட்டுக்கானவை. பற்றரியைச் சிறிதாக்கினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் பற்றாசு வைத்து, வெப்பத்தால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வெறுமனே முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்பில் உப்பீரம் ஏறி, பச்சை படிந்து, நடுவழியில் வண்டியை நிறுத்தும்.

சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும்?

வண்டியின் புத்தகத்தில் செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எஞ்சின் கொள்ளளவு, நிறம் போன்றவை பதியப்பட்டுள்ளன. இவற்றுள் எதை மாற்றுவதானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, தேவையான அனுமதியைப் பெற்றே மாற்ற வேண்டும். செசி இலக்கம் பொறித்த பகுதியை அரைப்பதோ, வெட்டுவதோ, தடித்த நிறப்பூச்சால் மறைப்பதோ கூடவே கூடாது. திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு அதுவே போதும். புத்தகமில்லாத வண்டியை விலை குறைவென்று வாங்க வேண்டாம். அதன் மேல் செலவிடும் உழைப்பு ஒருநாளும் உங்களுடையதாகாது.

பக்கக் கண்ணாடி, சமிக்ஞை விளக்கு, பிரேக் விளக்கு, ஹோன், தெளிவாகத் தெரியும் இலக்கத்தகடு ஆகியவற்றை வடிவத்துக்காகக் கைவிட முடியாது. சிறிய வட்டக் கண்ணாடிகளும் சிறிய சமிக்ஞை விளக்குகளும் தாராளமாகக் கிடைக்கும்போது கைவிடத் தேவையும் இல்லை. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். ஜெட்டைத் தவறாக மாற்றிய வண்டி புகைப் பரிசோதனையில் தேறாமல் போகலாம். செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 100 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினுக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ வகுப்பு இருக்க வேண்டும் என்பதையும் வாங்குமுன் பாருங்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

எஞ்சின், பிரேக், சக்கரம், டயர், வயரிங் ஆகியன முதலில். சட்டமும் சீற்றும் அடுத்ததாக. நிறமும் மினுக்கமும் கடைசியாக. நிறத்தைப் பூசி முடித்த பின்னர் ஏதோ ஒன்றை ஒட்ட நேர்ந்தால் பூசிய பணம் புகையாகிவிடும். ஆகவே முழு வண்டியையும் நிறம் பூசாமலே பொருத்தி, ஓட்டிப் பார்த்து, திருப்தியான பின் கழற்றிப் பூசுங்கள். லீசிங்கில் உள்ள வண்டியைத் தொடவே வேண்டாம். கடன் முடியும்வரை அது முழுமையாக உங்களுடையதல்ல.

கட்டி முடித்த வண்டியை எப்படிச் சோதிப்பது?

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலேயே இருக்கட்டும். ஓடி வந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். 50 கிலோமீற்றரிலும் 500 கிலோமீற்றரிலும் இதைத் திரும்பச் செய்யுங்கள். அடுத்து மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏ4 வீதியில், ஏறத்தாழ 40 கிலோமீற்றர், காலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சூடு, ஹாண்டிலின் நடுக்கம், மணிக்கட்டின் வலி ஆகிய மூன்றும் அங்கே தெரிந்துவிடும். அதன்பின் மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கமுள்ள கிரவல் பாதைகளில், பின்னால் ஒருவரை ஏற்றி, மெதுவாக ஓட்டுங்கள். திரும்பி வந்து பின்சட்டத்தின் ஒட்டுகளைத் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நிறப்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்போ, அதன் ஓரத்தில் மெல்லிய துருக்கோடோ தெரிந்தால் அந்த ஒட்டு நகர்கிறது என்று பொருள். வண்டியை அங்கேயே நிறுத்தி, அந்த இணைப்பை வெட்டித் திரும்பச் செய்விக்க வேண்டும்.